லூட் வாசிப்பில் பாவமும் ரசனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூட் வாசிக்கிறேன் என்றால் பாதிப் பேர் "ஃப்ளூட்டா?" என்பார்கள். மீதிப் பேர் கிட்டார்க்காரர்கள். அவர்கள் கேட்பது வேறு மாதிரி: பழைய ஆங்கில லூட் கலைஞர் ஜான் டவ்லண்டின் பவான் (நிதான நடை கொண்ட நடன இசை) ஒன்றை மனப்பாடம் செய்தாயிற்று, விரல் தடுமாறவில்லை, ஒரு ஸ்வரம் தப்பவில்லை, ஆனாலும் கேட்கிறவர் கொட்டாவி விடுகிறார், ஏன்? இங்கே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவை. ஏறக்குறைய 1500 முதல் 1620 வரையிலான ஐரோப்பிய லூட் இசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாக் காலத்து லூட்டுக்குச் சுருதியமைப்பே வேறு, அது தனிக் கதை.

முதலில், லூட் எப்படிப்பட்ட கருவி?

நெடுக்கில் பாதியாக வெட்டிய பேரிக்காய் போன்ற உடல். மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்தது. மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம், பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. கிட்டாரில் வட்ட ஓட்டை இருக்கும் இடத்தில், பலகையிலேயே செதுக்கிய ஜன்னல்கோலம் ஒன்று இருக்கும். அதை ரோஸ் என்பார்கள். பிரடைகள் உள்ள தலைப்பகுதி பின்பக்கம் மடங்கி நிற்கும். அரபு ஊத் வழி வந்தது, பெயரும் 'அல் ஊத்'திலிருந்து வந்ததுதான். இந்தக் காலத்து லூட்டில் அடிப்படையாக ஆறு வரிசைத் தந்தி. உச்ச ஸ்தாயித் தந்தி பெரும்பாலும் ஒற்றை, மற்ற ஐந்தும் ஜோடி. அன்று எல்லாமே குடல்நரம்பு. மெட்டுகளும் (ஃப்ரெட்) குடல்தான். கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும், நகர்த்தலாம். ஓசை மிகச் சன்னம். அடுத்த அறையில் மிக்ஸி ஓடினால் கச்சேரி முடிந்தது.

ஏட்டில் உரக்க, மெல்ல, வேகமாக என்று எதுவுமே எழுதியிருக்காதே. அப்படியானால் பாவம் இல்லாமல்தான் வாசித்தார்களா?

'உப்பு தேவையான அளவு' என்று எழுதிய பாட்டி உப்பில்லாமலா சமைத்தாள்?

1555-இல் நிக்கோலா விச்செந்தினோ என்ற இத்தாலிய இசையறிஞர், இசையில் சில காரியங்களை எழுதிக் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டு, சொல்லின் உணர்ச்சிக்கேற்ப உரக்கவும் மெல்லவும், வேகமாகவும் மெதுவாகவும் பாட வேண்டும் என்கிறார். பாட்டுக்குச் சொன்னது கருவிக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் கருவிக்கு வைத்த உச்சபட்ச இலக்கே மனிதக் குரல் போல ஒலிப்பதுதான்.

அதே 1555-இல் பிரான்சில் போந்த்யூ த் தியார் எழுதிய நூலில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. மிலான் நகரம். சாப்பாடு முடிந்தபின் ஃபிரான்செஸ்கோ த மிலானோ (1497–1543) மேசை ஓரத்தில் உட்கார்ந்து, கையில் கிடைத்த லூட்டைச் சுருதி பார்க்கிறார். ஒரு ஃபாண்டசியாவை (கட்டற்ற கற்பனை இசை) தேடிப் போகிறவர் போல வாசிக்கத் தொடங்குகிறார். மூன்று மீட்டு விழுவதற்குள் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருவர் கையில் தலையைச் சாய்க்கிறார், ஒருவர் கை காலைத் தளர்த்திக் கிடக்கிறார், ஒருவர் வாய் பிளந்திருக்கிறார். காது ஒன்றைத் தவிர மற்றப் புலன்கள் எல்லாம் போய்விட்டது போல இருக்கிறார்கள். பிறகு அவரே வாசிப்பை மெல்ல மாற்றி, களவாடிய உயிரைத் திருப்பித் தருகிறார். கொஞ்சம் ஜோடனை இருக்கும், இல்லாமலா? ஆனால் தையல் மிஷின் மாதிரி வாசித்த ஒருவரைப் பற்றி இப்படி ஒரு கதை பிறக்காது. அவரை 'தெய்விகர்' என்றே அழைத்தார்கள்.

டேபிளேச்சரை (லூட்டுக்கான இசைக் குறியீடு) பார்த்து அப்படியே வாசிக்கிறேன். அதில் என்ன தவறு?

தவறு உங்களிடம் இல்லை, ஏட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கோடுகள் தந்தியைக் காட்டும், அவற்றின்மேல் உள்ள எண்ணோ எழுத்தோ மெட்டைக் காட்டும், மேலே உள்ள குறி காலத்தைக் காட்டும். ஆனால் அந்தக் காலக்குறி சொல்வது 'அடுத்த மீட்டு எப்போது' என்பதை மட்டும்தான். இப்போது மீட்டிய ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அது சொல்லாது. இந்த இசையோ மூன்று நான்கு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவது. மேல்குரல் நான்கு சிறு ஸ்வரங்களை ஓடும்போது கீழ்க்குரலில் ஒரே ஸ்வரம் நீண்டு நிற்கும். ஏட்டைப் பார்த்தால் ஐந்தும் ஒரே வரிசையில் எறும்பு போவது மாதிரித் தெரியும். எறும்பு போவது மாதிரி வாசித்தால் கொட்டாவிதான்.

இதற்கு மருந்து 1517 வாக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வின்சென்சோ கபிரோலா என்ற பிரேஷா நகரத்துக் கலைஞரின் இசையை அவருடைய சீடர் விதால் ஒரு கைப்பிரதியாகத் தொகுத்தார். இப்போது சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கிறது. பக்கமெல்லாம் மிருகங்களும் பறவைகளும் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். ஏன் என்று அவரே சொல்கிறார்: இசை தெரியாதவன் கையில் இது போனாலும், படத்தின் அழகுக்காகவாவது பத்திரமாக வைத்திருப்பான் என்று. கணக்கு பலித்துவிட்டது, ஐந்நூறு வருடம் தாண்டி நிற்கிறது.

அதன் முன்னுரையில் 'மிக அழகான ரகசியம்' என்று ஒன்று வருகிறது. இடதுகை விரலை மெட்டில் வைத்தால், வேறொரு ஸ்வரத்துக்கு அந்த விரல் தேவைப்படும்வரை எடுக்காதே என்பதுதான் அது. ஒரே ஒரு வரி. ஆனால் இந்த இசையின் பாவத்தில் முக்கால் பங்கு இதற்குள் அடங்கிவிடுகிறது என்பது என் கட்சி. விரல் நின்றால் குரல் நிற்கும். குரல் நின்றால் அதற்கும் மேல்குரலுக்கும் இடையே உரசலும் சமாதானமும் கேட்கும். அந்த உரசலும் சமாதானமும்தான் இந்த இசையின் உணர்ச்சி. வேறெங்கும் தேட வேண்டாம்.

ஒரு பாட்டில் வைத்துக் காட்ட முடியுமா?

டவ்லண்டின் 'லக்ரிமே' பவான். லத்தீனில் கண்ணீர்த் துளிகள் என்று பொருள். 1600-இல் இதற்கே சொல் சேர்த்துப் பாட்டாகவும், 1604-இல் வயல் என்ற வில் கருவிகளின் குழுவும் லூட்டும் சேர்ந்து வாசிக்கும் ஏழு பவான்களின் தொகுதியாகவும் அவர் வெளியிட்டார். லூட் தனி வாசிப்பாக அதற்கு முன்பே ஊரெல்லாம் பரவியிருந்தது.

ஜி மைனர் வடிவத்தின் முதல் நான்கு ஸ்வரங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜி, எஃப், இ ஃபிளாட், டி. ஒரு துளி கன்னத்தில் இறங்குகிற மாதிரிப் படிப்படியான இறக்கம். ஜி சுருதி லூட்டில் முதல் ஜி என்பது உச்சத் தந்தி, மெட்டில் கை வைக்காமல் வெறுமனே மீட்டுவது. அடுத்த எஃப் இரண்டாம் ஜோடியில் மூன்றாம் மெட்டு. பிறகு அதே ஜோடியில் முதல் மெட்டு, பிறகு வெறும் தந்தி.

சிக்கல் இங்கேதான். ஜி வெறும் தந்தி என்பதால், எஃப் மீட்டிய பிறகும் அது தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாகக் கேட்டால் துளி வழியாது, அப்பிக்கொள்ளும். பாடுகிறவர் எஃபுக்கு வந்தபின் ஜியை விட்டுவிட்டார் அல்லவா? அதனால் எஃபைப் பிடிக்கும் விரலைக் கொஞ்சம் படுக்கவைத்து, அதன் சதை உச்சத் தந்தியைத் தொடும்படி செய்ய வேண்டும். எப்போது தொடுவது என்பதில்தான் ரசனை இருக்கிறது. முன்கூட்டியே தொட்டால் இரண்டுக்கும் நடுவே குழி விழும். எஃப் பேசத் தொடங்கும் அதே கணத்தில் தொட வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இந்த இரண்டு ஸ்வரத்தில் மட்டும் ஒரு மாலை முழுவதும் உட்காரவைத்தார். அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

நான்காவது ஸ்வரமான டியிலிருந்து பாட்டு திடீரென்று மேலே தாவுகிறது, பி ஃபிளாட்டுக்கு. அங்கிருந்து மறுபடி நான்கு படி இறக்கம்: பி ஃபிளாட், ஏ, ஜி, எஃப் ஷார்ப். இந்தத் தாவல் விரலுக்கு ஒன்றுமே இல்லை. உச்சத் தந்தி, மூன்றாம் மெட்டு, வைத்தால் ஒலிக்கிறது. தொண்டைக்கு அப்படியில்லை. பாடிப் பாருங்கள், மூச்சு எடுக்காமல் அங்கே போக முடியாது. அந்த மூச்சைத்தான் விரலிலும் கொண்டுவர வேண்டும். சத்தத்தைக் கூட்டினால் வராது. டியை முழுசாக நிற்கவிட்டு, மயிரிழை தாமதித்து, பி ஃபிளாட்டை மென்மையாகவே எடுத்தால் தானாகத் துக்கம் வந்து உட்காரும். பலரும் இங்கே ஓங்கி மீட்டுவார்கள். சின்னக் கருவியை அதட்டினால் அழுகை வராது, கோபம்தான் வரும்.

கடைசி எஃப் ஷார்ப் மறுபடி இரண்டாம் ஜோடியில், நான்காம் மெட்டு. ஒற்றைத் தந்தியிலிருந்து ஜோடிக்கு வருவதால் ஓசையின் நிறமே மாறும், கொஞ்சம் தடிக்கும். நான் அந்தத் தடிப்பை மறைப்பதில்லை. இரண்டாவது இறக்கம் முதலாவதைவிடக் கனமாக முடிய வேண்டிய இடம் அது, கருவியே அதைச் செய்து தருகிறது.

தாளத்தை இழுக்கலாமா?

இழுக்கலாம், ஆனால் பியானோ இசைஞர் ஷோபானை வாசிக்கையில் இழுக்கிற மாதிரி எல்லா வரிக் கடைசியிலும் அல்ல.

1536-இல் வாலென்சியாவில் லூயிஸ் மிலான் வெளியிட்ட விஹுவேலா நூலில் வேகக் குறிப்புகள் சொல்லாகவே இருக்கின்றன. அச்சான இசையில் இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று. விஹுவேலா என்பது கிட்டார் உருவத்தில், லூட்டைப் போலவே சுருதி கூட்டிய ஸ்பானியக் கருவி. அதில் ஒரு வகை ஃபாண்டசியாவுக்கு அவர் சொல்வது: ஸ்வரக்கூட்டுகள் வரும் இடத்தை நிதானமாகவும், ஓட்டங்கள் வரும் இடத்தை விரைவாகவும் வாசி, தாளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காதே. ஆக, ஒரே காலப்பிரமாணத்தில் மெட்ரோனோம் வைத்து முழுப் பாட்டையும் வாசிப்பது 'பழைய முறை' அல்ல. அது இருபதாம் நூற்றாண்டு ஒழுக்கம்.

ஆனால் நடனம் என்றால் கால் இருக்கிறது, அதை மறக்கக் கூடாது. கல்யார்டு என்ற துள்ளல் நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1589-இல் துவானோ ஆர்போ எழுதிய நடன நூலின்படி ஆறு எண்ணிக்கையில் ஐந்து அடி. முதல் நான்கு எண்ணிக்கைக்கு நான்கு உதை, ஐந்தாவதில் துள்ளல், ஆறாவதில் தரையில் வந்து நிற்பது. அதாவது ஐந்தாம் எண்ணிக்கையில் ஆடுகிறவரின் கால் தரையில் இல்லை! அந்த இடத்தில் கட்டைவிரலால் பாஸ் தந்தியை 'தொம்' என்று போட்டால், ஆகாயத்தில் இருப்பவரைக் காலைப் பிடித்து இழுத்த மாதிரி. ஐந்தாவதை லேசாக விடுங்கள், ஆறாவது தானே தன் இடத்தில் வந்து விழும். இதைத் தெரிந்துகொண்ட அன்று, இரண்டு வருடமாக நான் வாசித்துக்கொண்டிருந்த கல்யார்டு ஒரே நாளில் எழுந்து நின்றது.

டவ்லண்டின் பவான்கள் ஆட்டத்துக்கு எழுதியவையாகத் தோன்றவில்லை, உட்கார்ந்து கேட்பதற்குத்தான். அவற்றில் நெகிழலாம். இருந்தாலும் அடியில் ஒரு நடை தெரிய வேண்டும்.

இவ்வளவு சன்னமான கருவியில் உரக்க, மெல்ல எல்லாம் எடுபடுமா?

எடுபடும். அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. இரவில் ஃபேனை நிறுத்தினால் கடிகார முள் கேட்கும் அல்லவா, அந்த அளவுகோல். வலதுகையை ரோஸ் பக்கம் நகர்த்தினால் ஓசை உருண்டு வரும், குதிரைப் பக்கம் (பலகையில் தந்திகளைக் கட்டியிருக்கும் கட்டை) நகர்த்தினால் கூர்மையாகும். ஸ்வரக்கூட்டை ஒரே மீட்டாக அடிப்பதும் கீழிருந்து மேலாக உதிர்ப்பதும் வேறு வேறு பேச்சு. எல்லாக் கூட்டையும் உதிர்ப்பவர்கள் உண்டு. அது எல்லா வாக்கியத்திலும் 'ஐயோ' போடுவது மாதிரி.

உரசும் ஸ்வரங்களை என்ன செய்வது என்பதற்கு இரண்டு பழைய சாட்சிகள் உண்டு. 1546-இல் ஸ்பானிய விஹுவேலாக் கலைஞர் அலோன்சோ முதார்ரா, லுதோவிகோ என்ற யாழ்க் கலைஞரின் பாணியைப் பாவித்து எழுதிய ஃபாண்டசியாவின் கடைசிப் பகுதியில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். இங்கிருந்து சில 'பொய்' ஸ்வரங்கள் வரும், நன்றாக வாசித்தால் மோசமாகத் தோன்றாது என்கிறார். கூச்சப்பட்டு அவசரமாக ஓடிவிடாதே என்று அர்த்தம். 1623-இல் இத்தாலிய லூட் கலைஞர் அலெஸ்ஸாண்ட்ரோ பிச்சினினி இன்னும் துணிந்து சொல்கிறார். கடுமையான ஸ்வரங்களை நேப்பிள்ஸில் பல தடவை திரும்ப மீட்டுவார்களாம், ஒரு தடவை மெல்ல, ஒரு தடவை உரக்க. இது நான் எடுத்த கால எல்லையின் விளிம்பில் நிற்கும் ருசி. ஃபிரான்செஸ்கோவின் இசையில் போட்டால் சாம்பாரில் சாக்லேட் கரைத்த மாதிரி இருக்கும்.

நகமா, சதையா?

சதை. பிச்சினினி நகத்தால் வாசித்தவர், அதை வெளிப்படையாகவே எழுதியவர். ஆனால் அவர் சிறுபான்மை. இங்கிலாந்தின் தாமஸ் மேஸ் 1676-இல் எழுதும்போது, விரல் நுனிச் சதை தரும் இனிமை நகத்தில் வராது என்கிறார். (பகலில் லூட்டைப் படுக்கையில் போர்வைக்குள் வைத்தால் ஈரம் தாக்காது என்று சொன்னவரும் அவரே. எங்கள் வீட்டில் அதைச் செய்து பார்க்க அனுமதி கிடைக்கவில்லை.) ஜோடித் தந்தி இரண்டையும் ஒரே சமயத்தில் தொடச் சதைக்கே வாகு அதிகம். கிட்டாருக்காக நகம் வளர்ப்பவர்கள் வெட்டத் தயங்குவது புரிகிறது. குறைந்தது ஆள்காட்டி விரலிலாவது வெட்டிப் பாருங்கள்.

கட்டைவிரல் உள்ளேயா, வெளியேயா?

இரண்டும் சரி, காலம்தான் வேறு. பதினைந்தாம் நூற்றாண்டுக் கடைசி வரை லூட்டை இறகுத் தண்டு போன்ற மீட்டுகோலால் வாசித்தார்கள். அதை விட்டு விரலுக்கு மாறியபோதும் கையின் நிலை அப்படியே தங்கியது. சுண்டுவிரல் பலகையில் ஊன்றியிருக்கும், கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் வந்து ஆள்காட்டியோடு மாறி மாறி மேலும் கீழும் ஓடும். பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டைவிரல் வெளியே வந்தது. டவ்லண்டே முதலில் உள்ளே வைத்து வாசித்துப் பிறகு மாறினார் என்று கோனிக்ஸ்பெர்க் நகரத்து ஸ்டோபேயுஸின் கைப்பிரதி சொல்கிறது.

பாவத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஓட்டத்தில் கட்டைவிரல் விழுவது தாளத்தின் மேல், ஆள்காட்டி விழுவது இடையில். கட்டைவிரலுக்குக் கனம் அதிகம். ஆகவே நீங்கள் ஒன்றும் செய்யாமலே ஸ்வரங்கள் இரண்டிரண்டாகக் கனம், லேசு என்று பிரிந்து பேசத் தொடங்கும். ஏட்டில் எழுத்துக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் ஆள்காட்டி என்று பொருள். கிட்டாரில் இரண்டு விரலையும் சமமாக்கத்தான் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்திருப்பீர்கள். இங்கே சமமாக்கினால் உயிர் போய்விடும்.

அலங்காரங்கள் எவ்வளவு போடலாம்?

சண்டை அதிகம் நடக்கும் இடம் இது.

1603-இல் ஆங்கில லூட் கலைஞர் தாமஸ் ராபின்சன் சொல்லும் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒற்றை ஸ்வரம் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அதற்கு அலங்காரம் தேவை, ஏனென்றால் அலங்காரம் அழகும் தரும், ஸ்வரத்தை அதன் முழுக் காலத்துக்கு நிற்கவும் வைக்கும் என்கிறார். மீட்டிய கணத்திலிருந்தே செத்துக்கொண்டிருக்கும் ஓசைக்கு மூச்சுக் கொடுப்பது மாதிரி. எங்கே போடுவது என்ற கேள்விக்கு இதிலேயே பாதி பதில் வந்துவிட்டது.

மறுபாதி 1610-இல் டவ்லண்டின் மகன் ராபர்ட் லண்டனில் வெளியிட்ட தொகுப்பில் கிடைக்கிறது. அதில் பெஸான்சோன் நகரத்து ழான் பாப்டிஸ்ட் பெஸாரின் அறிவுரைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. அலங்காரங்களைப் பேச்சிலோ எழுத்திலோ சொல்லிக்கொடுக்க முடியாது, தேர்ந்தவரைப் பார்த்துப் பழகு, ஆனால் அதிர்வுகளை மிகைப்படுத்தி ஸ்வரத்தின் நிறைவைக் கெடுத்துவிடாதே என்கிறார். ஓட்டங்களில் போடாதே, தகும் என்று உனக்குப் படும்போது மட்டும் போடு என்றும் சொல்கிறார். தகும் என்று எப்படித் தெரியும்? அதை அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடியதாக இருந்தால் அதற்கு ரசனை என்று பேரும் இருக்காது.

கைப்பிரதிகளில் அலங்காரக் குறிகள் உண்டு. இரட்டைக் குறுக்குக்கோடு, பெருக்கல் குறி போன்றவை. ஆனால் ஒரே பாட்டு ஒரு பிரதியில் குறிகள் மொய்த்திருக்கும், இன்னொன்றில் மொட்டையாக இருக்கும். நான் செய்வது இதுதான். முதல் ஒரு வாரம் அலங்காரமே இல்லாமல் வாசிப்பேன். எந்த ஸ்வரம் வெறுமையாக நின்று என்னைப் பார்க்கிறதோ, அதற்கு மட்டும் போடுவேன். பெரும்பாலும் ஒரு பகுதிக்கு மூன்று நான்குக்கு மேல் தேறாது.

நம்ம கமகம் மாதிரி தந்தியை இழுத்து வாசித்தால் என்ன?

முயன்று பார்த்துவிட்டேன். வீணையின் மெட்டுகள் உயரமானவை, இழுக்க இடம் உண்டு. லூட் மெட்டு நூல் கனம்தான். ஜோடித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் சமமாக ஏறாது, ஒன்றோடொன்று பிசகும். அதைவிட முக்கியமாக, இங்கே ஒரு ஸ்வரம் தனியாக இல்லை, கீழே இரண்டு குரல்கள் அதை நம்பி நிற்கின்றன. மேல் ஸ்வரம் ஊசலாடினால் கட்டடமே ஆடும். விரலை வைத்த இடத்திலேயே மெல்ல அசைத்து வரும் சிறு அதிர்வு உண்டு, அது போதும்.

திரும்ப வரும் பகுதியில் திடீரென்று ஸ்வரங்கள் கொட்டுகின்றனவே?

அதை டிவிஷன் என்பார்கள். பவானில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை வரும். இரண்டாம் தடவை நீண்ட ஸ்வரங்களைச் சின்னதாக உடைத்து நிரப்புவது வழக்கம். இங்கே நடக்கும் விபத்து, உடைத்த துண்டுகளை எல்லாம் முத்து முத்தாக ஒரே கனத்தில் வாசிப்பது. உள்ளே இருக்கும் மூலப் பாட்டு கேட்க வேண்டும். மூல ஸ்வரங்களைப் பென்சிலால் வட்டமிட்டு அவற்றை மட்டும் ஒரு தடவை வாசித்துவிட்டு, பிறகு மீதியைச் சேருங்கள். மீதியெல்லாம் முணுமுணுப்புதான்.

இன்னொன்று. கஷ்டமான ஓட்டம் கஷ்டமாகத் தெரியக் கூடாது. 1528-இல் இத்தாலிய எழுத்தாளர் கஸ்திலியோனே தன் அரசவை நூலில் இதற்கு 'ஸ்ப்ரெட்ஸாதூரா' என்று பேர் வைத்தார். உழைப்பை ஒளித்து, அலட்சியம் போலக் காட்டும் லாவகம். வாசிக்கும்போது முகத்தைச் சுளிக்கிற நம்மில் பலருக்கு அந்த அவையில் இடம் கிடைத்திருக்காது.

சுருதி கூட்டுவதிலேயே நேரம் போகிறது. வழி?

இல்லை. எண்பது வயது லூட் கலைஞர் அறுபது வருடத்தைச் சுருதி கூட்டுவதிலேயே கழித்திருப்பார் என்று ஜெர்மன் இசை எழுத்தாளர் மத்தேசோன் 1713-லேயே கிண்டல் செய்துவிட்டார். மெட்டுகளைக் கொஞ்சம் நகர்த்தி மேஜர் மூன்றாம் ஸ்வரங்களை (நம்ம அந்தர காந்தாரம்) சாந்தமாக்கிப் பாருங்கள். பாட்டின் கடைசிக் கூட்டு வந்து நிற்கும்போது வித்தியாசம் தெரியும்.

கிட்டாரில் வாசித்தால் குற்றமா?

குற்றமில்லை. மூன்றாம் தந்தியை ஜியிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்குங்கள், மூன்றாம் மெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்தும் கவ்வி) போடுங்கள். ஆறு தந்திக்கும் லூட்டின் சுருதி வந்துவிடும், டேபிளேச்சரை நேராகவே வாசிக்கலாம். கபிரோலாவின் ரகசியம் கிட்டாருக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். எலும்பு முறிகிற மாதிரி இடதுகை நீட்டல்கள் சில வரும், கேப்போ போட்டால் அவையும் குறையும்.

ஜூலியன் பிரீம் வாசித்தது 'அசல்' இல்லை என்கிறார்களே?

ஆங்கில கிட்டார், லூட் கலைஞர் பிரீம் (1933–2020) வாசித்தது கனமாகக் கட்டிய லூட். உலோக மெட்டு, நகம், குதிரைப் பக்கம் கை. பிறகு வந்த ஹாப்கின்சன் ஸ்மித், பால் ஓடெட், நைஜல் நார்த், யாக்கோப் லிண்ட்பெர்க் போன்றவர்கள் பழைய கருவிகளை அளந்து செய்த லேசான லூட்களில், சதையால் வாசித்தார்கள். லிண்ட்பெர்க் கையில் இருப்பது 1590 வாக்கில் ஆக்ஸ்பர்க்கில் சிக்ஸ்டஸ் ரவுவோல்ஃப் செய்த அசல் கருவியே. ஓசையைப் பொறுத்தவரை பின்னவர்கள்தான் நெருக்கம், சந்தேகமில்லை.

ஆனால் பிரீமின் கல்யார்டைக் கேட்டால் ஆள் துள்ளுகிறார். கருவி சரியாக இருந்தும் துள்ளாத பதிவுகள் என்னிடம் நிறையவே இருக்கின்றன. 'வரலாற்றுப்படி வாசிப்பது' என்று நாம் சொல்வதில் பாதி நம் காலத்து ருசிதான் என்று இசை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் தரஸ்கின் வாதிட்டார். எனக்கும் அதில் உடன்பாடே. சாட்சிகளைப் படியுங்கள், ஆனால் சாட்சிகளுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்பதையும் பாருங்கள்: பிச்சினினிக்கு நகம், மேஸுக்கு சதை. டவ்லண்டின் பாட்டுகளே பிரதிக்குப் பிரதி வேறுபடுகின்றன. தன் பாடங்களைத் தனக்குத் தெரியாமல் பிழையோடு அச்சிட்டுவிட்டார்கள் என்று 1597-இல் அவரே குமுறியிருக்கிறார்.

எல்லாம் செய்தேன், பதிவு செய்து கேட்டால் இன்னும் சப்பென்றுதான் இருக்கிறது.

பதிவை நிறுத்துங்கள். பாட்டின் நடுக்குரல் ஒன்றை, மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல், தனியாக எழுதி எடுத்து வாய்விட்டுப் பாடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பிறகு மூன்று குரலையும் வாசித்துக்கொண்டே அந்த நடுக்குரலை மட்டும் பாடுங்கள். முதல் தடவை கை நின்றுவிடும், எல்லோருக்கும் நிற்கும். எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கே ஒரு விரலை நேரத்துக்கு முன்பே தூக்கியிருப்பீர்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். என் லக்ரிமே தாளில் இதுவரை பதினேழு கோடுகள் இருக்கின்றன.